உமி மூட்டையும் 64 அடியும்: கல்லடியில் ஒரு மெற்றல் அல்பம் பதிவான விதம்

மட்டக்களப்பில், கல்லடியில் என் வீட்டின் முன்பகுதியில் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அறிவிப்பு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை. வழக்கமாக வரும் வேலை இவைதான். 2022 தொடக்கத்தில் நாலு பொடியன்மார் வந்து, "அண்ணன், எங்கட முதல் அல்பம் செய்யணும்" என்றார்கள். 8 பாட்டு, எல்லாம் சேர்த்து 31 நிமிடம். டெத் மெற்றல்: அசுர வேக ட்ரம்ஸ், கரகரக்கிற கிற்றார், உறுமுகிற குரல். பாட்டு முழுக்கத் தமிழ்.

அந்த அல்பத்தின் முதல் மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிந்ததை ஒன்றாகக் கலந்த வடிவம், உருப்படவில்லை. பழி ட்ரம்ஸ் அடித்த பொடியனின் தலையில் விழுந்தது. அதைப் போட்டவர்களில் நானும் ஒருவன். பிழை அவனிடம் இல்லை என்று தெரியவரச் செப்டெம்பர் ஆகிவிட்டது. எங்கே பிழைத்தது, எப்படிப் பிடிபட்டது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வீட்டு அறையில் இந்த இசையைப் பதிய நினைக்கிற யாருக்கும் இது உதவும்.

கேட்கப் பழகியது

வந்த நாளில் எனக்கு மெற்றல் தெரியாது. கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற குழுக்கள் இருபது வருடத்துக்கும் மேலாக வாசிக்கிறார்கள் என்று தெரியும். அவ்வளவுதான். கிற்றார் வாசிக்கிறவன் ஒரு பென் டிரைவில் சில குழுக்களின் முதல் அல்பங்களைக் கொண்டுவந்து தந்தான். "முதல் அல்பம் மட்டும் கேளுங்க அண்ணன். காசில்லாத நேரம் செய்தது. எங்களுக்கு அதுதான் சரி."

முதலில் கேட்டது பேர்மிங்ஹாம் குழுவான நேபாம் டெத் 1987இல் வெளியிட்ட 'ஸ்கம்'. அதன் முதல் பக்கம் 1986இலும் இரண்டாம் பக்கம் 1987இலும் பதிவானவை. இடையில் குழுவே மாறிவிட்டது. இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஒரே ஆள் ட்ரம்ஸ் அடித்த மிக் ஹாரிஸ். 1.316 செக்கனில் முடிகிற பாட்டு ஒன்றும் அதில் உண்டு. உலகத்தின் மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸில் ஏறியது அதுதான். அடுத்தது சுவீடனின் எண்டூம்ட் 1990இல் செய்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்'. ஸ்டொக்ஹோமில் ஸன்லைட் ஸ்டூடியோவில் டோமாஸ் ஸ்கொக்ஸ்பெர்க் பதிந்தது. பொஸ் நிறுவனத்தின் ஹெச்எம்-2 என்ற, கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்குகிற சின்னப் பெடலின் எல்லாக் குமிழையும் கடைசி வரை திருகி வைத்தால் வருகிற, மரம் அறுக்கிற மாதிரியான சத்தம். எங்கள் கிற்றார்காரனுக்கு அந்தச் சத்தத்தின் மேல் பித்து.

மூன்றாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மோர்பிட் ஏஞ்சல் குழு புளோரிடாவின் டாம்பாவில், மோரிசவுண்ட் கூடத்தில் பதிந்து 1989இல் வெளியிட்ட 'ஆல்டர்ஸ் ஒஃப் மேட்னஸ்'. பீட் சாண்டோவல் அடிக்கிற அடி அசுர வேகம். ஆனால் ஒவ்வொரு அடியையும் விரல் விட்டு எண்ணலாம் போல இருந்தது. கரகரப்பு ஒன்று, குழப்பம் வேறொன்று என்று அன்றைக்குக் காதால் விளங்கியது. கரகரப்பு அவர்களாக விரும்பி வைத்துக்கொண்டது. அந்த வித்தியாசத்தை என் கையால் செய்து காட்டத்தான் எனக்குத் தெரியவில்லை.

பதிவு நடந்த நாட்கள்

பெப்ரவரியில் தொடங்கினோம். அந்த வருடத்தைப் பற்றி இலங்கைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இருக்கிற நேரத்துக்கு நாலு பேரும் ஒன்றாக வர வேண்டும். பெற்றோல் இல்லை. ட்ரம்ஸ் பொடியன் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை ஆள். ஸ்னேர் என்ற சின்ன ட்ரம்மை ஒரு பழைய சாறனில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து, டவுனுக்குள்ளால் கல்லடிக்கு மிதிப்பான். வந்ததும் அரை மணித்தியாலம் கால் ஆறட்டும் என்று உட்கார வைப்போம். கிக் என்ற பெரிய ட்ரம்மை இரண்டு காலாலும் அடிக்கிற டபுள் பெடலுக்கு அந்தக் கால்தானே வேண்டும்.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குகள் தொடங்கின. சுற்றிவரக் கோயில் ஒலிபெருக்கி. கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரைக்கும் மைக்கைத் திறக்கவே இல்லை. அது அம்மனுக்கு உரிய நேரம், எங்களில் யாரும் குறை சொல்லவில்லை.

ட்ரம்ஸை வீட்டு ஹோலில் வைத்தோம். சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர். கிற்றாரும் மிக்ஸும் கணினி இருக்கிற உள்ளறையில். அந்த அறை 10 அடி நீளம், 8 அடி அகலம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தேன். ஸ்டூடியோ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பல வருடமாக நம்பியிருந்தேன். முட்டை அட்டை மேல் ஒலிகளின் எதிரொலியைக் கொஞ்சம் உடைக்கும். கிக், பேஸ் போன்ற ஆழமான அடி ஒலிகளை அது தொடக்கூட மாட்டாது.

முதல் மிக்ஸ்

ஜூலையில் முதல் மிக்ஸ் முடிந்தது. என் அறையில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொடியன்மார் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு மறுநாளே வந்தார்கள். ஒருவனின் மாமாவின் வான் வண்டியில் போட்டால் கண்ணாடி அதிரக் கும்மென்று ஒரே முழக்கம், பாட்டு எங்கே என்றே தெரியவில்லை. போனில் போட்டால் கிக் அறவே இல்லை, தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி கிற்றார் மட்டும். ஒரே மிக்ஸ் ஓரிடத்தில் அடி ஒலி மிஞ்சியும் இன்னோரிடத்தில் அடி ஒலியே இல்லாமலும் கேட்டால் அதுவே பெரிய தடயம். நான் அதைத் தடயமாக எடுக்கவில்லை. வானிலும் போனிலும் ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு காசு கொடுத்து வெளியூரில் ஒருவரிடம் மாஸ்டரிங்குக்கு, வெளியிடுமுன் செய்கிற கடைசி ஒலிச் சீராக்கலுக்கு, அனுப்பினோம். ட்ரம்ஸ் வாசிப்பு இறுக்கமாக இல்லை, கணினியில் தயாராக இருக்கிற ட்ரம்ஸ் ஒலிகளை வைத்து மாற்றிவிடுங்கள் என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் அனுப்பியதைத்தான் அவர் கேட்டார்.

நான் அதை அப்படியே அந்தப் பொடியனிடம் சொன்னேன், மற்ற மூவரும் இருக்கும்போதே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அவன் வாசித்த ட்ராக்கை ஒருதரமாவது தனியாகத் திறந்து கேட்டிருக்க வேண்டும். அவன் ஒன்றும் பேசவில்லை. ஸ்னேரைச் சாறனில் சுற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை.

64 அடி

திரும்பி வந்தது செப்டெம்பரில். தனியாக வந்தான்.

"அண்ணன், நான் பிழையா அடிக்கல்ல. மூன்டாம் பாட்டுல அந்த நடு இடத்தை மட்டும் திறங்க. கிக்கை மட்டும்."

அவனுடைய வீடு கூத்துக்கார வீடு. தகப்பன் வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவர். சின்ன வயதில் கூத்து ஆடுகிற களரி ஓரத்தில் விடிய விடிய இருந்து தாளச் சொற்கட்டுக் கேட்டு வளர்ந்தவன். ட்ரம்ஸ் பின்னால் வந்தது. புதிதாக ஒரு இடத்தைப் பழகும்போது அதை முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வலக்கை விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டு சொன்னான். தகதிகு தகதிகு தகதிகு தகதிகு. நாலு தகதிகு ஒரு சுற்று. அப்படி நாலு சுற்று. "64 அடி அண்ணன். எண்ணுங்க."

அந்த இடத்தின் வேகம் நிமிடத்துக்கு 200 தட்டு. தட்டு ஒன்றுக்கு நாலு அடி. அப்படியென்றால் செக்கனுக்கு 13 அடிக்கும் மேல், அடிக்கும் அடிக்கும் இடையில் 75 மில்லிசெக்கன். 64 அடியும் 4.8 செக்கனில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் வாய் வராது என்பதால் பாதி வேகத்தில் அவன் சொல்ல, மைக்கில் பதிந்தேன். கிக் ட்ராக்கையும் பாதி வேகத்துக்கு இழுத்து இரண்டையும் மேலும் கீழுமாகத் திரையில் வைத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நேர் கீழே ஒரு கூர். எண்ணினோம். 64. இரண்டு மூன்று இடத்தில் 10 மில்லிசெக்கன் அளவு முன்பின். மனிதன் அடித்தால் அவ்வளவு இருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் மற்ற ட்ராக் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பேஸ் வந்ததும் கொஞ்சம் மங்கியது. கிற்றார் ட்ராக் நாலும் வந்ததும் எண்ண முடியவில்லை. 64 அடியும் அங்கேயே இருக்க, காதுக்கு ஒரு உறுமல்தான் வந்தது.

"ஒங்கட அறைதான் விழுங்குது" என்றான். கோபத்தில் சொல்லவில்லை. தகப்பன் மத்தளத்தை வீட்டுக்குள் அடித்தால் ஒரு மாதிரியும் களரியில் அடித்தால் ஒரு மாதிரியும் கேட்கும் என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விசயம்.

அறை

அன்றிரவே சோதித்தேன். கணினியில் ஒற்றைச் சுருதி ஒலி ஒன்றை ஓடவிட்டு 40 ஹேர்ட்ஸிலிருந்து, அதாவது செக்கனுக்கு 40 அதிர்விலிருந்து, மெல்ல மெல்ல ஏற்றினேன். 57 வந்ததும் என் நாற்காலியில் ஒலி அப்படியே அமுங்கியது. நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழும்பிப் பின்சுவர்ப் பக்கம் நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் ஏறி, சுவரில் முதுகு முட்டும்போது நெஞ்சு அதிர்ந்தது. திரும்பி நாற்காலிக்கு வந்தால் மறுபடி இல்லை. ஆறு ஏழு தரம் நடந்திருப்பேன்.

கணக்கு இதுதான். எங்கள் வெக்கைக்கு ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் ஓடும். 10 அடி என்பது 3.05 மீற்றர். அலைநீளத்தின் பாதி அறையின் நீளத்துக்குச் சரியாக வந்தால் அந்த ஒலி இரு சுவருக்கும் இடையில் நின்று ஆடும். 349ஐ 6.1ஆல் வகுத்தால் 57 ஹேர்ட்ஸ். இப்படி ஆடும் ஒலி சுவரோரம் உச்சத்திலும், நட்டநடுவில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். என் நாற்காலி முன்சுவரிலிருந்து சரியாக 5 அடியில், நட்டநடுவில் இருந்தது.

அதனால் என் காதுக்கு 57க்குக் கிட்டவான ஒலிகள் வரவில்லை. வரவில்லையே என்று 60 ஹேர்ட்ஸைச் சுற்றி 6 டெசிபல் ஏற்றிவிட்டேன். இந்தப் பாட்டில் அந்த இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கிக்கின் அடி அங்கே. கிற்றாரின் ஆறாம் நரம்பு வழக்கமான 82 ஹேர்ட்ஸிலிருந்து இறக்கி 'பி'யில் கட்டியது, அது ஏறக்குறைய 62 ஹேர்ட்ஸ். பேஸின் 'பி' 31, அதன் இரண்டாம் மடங்கு மறுபடி 62. மூன்றும் ஒரே வாசலில் நெருக்குப்பட, நான் அந்த நெருக்கத்தை இன்னும் கூட்டியிருக்கிறேன். வானில் கேட்ட முழக்கம் அதுதான். போன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. கிக்கின் 'டக்' என்ற மேல் ஒலி 4,000 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட இருக்கும், அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் போனில் கிக் காணாமல் போனது.

பல வருடமாக இதே நாற்காலியில் கோயில் பாட்டு மிக்ஸ் செய்தேன். ஒரு பாட்டிலும் இது தெரியவரவில்லை. தபேலாவும் ஆர்மோனியமும் குரலும் அந்த இடத்தில் செக்கனுக்கு 13 தரம் வந்து முட்டுவதில்லை. நல்ல ஹெட்போன் ஒன்றில் ஒருதரம் கேட்டிருந்தால் ஜூலையிலேயே பிடிபட்டிருக்கும்.

ஹோலில் இன்னொரு பிழையும் இருந்தது. கிக்குக்குள் ஒன்றும் வைக்காமல் அடித்ததால் ஒவ்வொரு அடியும் சீமெந்து அறையில் 300 மில்லிசெக்கனுக்கு மேல் இழுபட்டது. 75 மில்லிசெக்கனுக்கு ஒரு அடி விழும்போது, முதல் அடி அடங்குவதற்குள் இன்னும் மூன்று நாலு வந்து அதன் மேல் ஏறிவிடும்.

குரல்

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியில் எனக்குக் கிடைத்த சந்தோசம் பெரிது.

பாடுகிறவன் கல்லடிக் கடற்கரைப் பக்கம். சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26இல் அவனுக்கு நாலு வயது. அல்பத்தின் ஐந்து பாட்டு அந்த நாளைப் பற்றியது. அவன் உறுமுவது தொண்டையைக் கிழிக்கிற கத்தல் இல்லை. வயிற்று மூச்சு, குரல்நாணுக்கு மேலே இருக்கிற பொய்க் குரல்நாணின் அதிர்வு. நொந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும் என்பதில் அவன் கண்டிப்பு. ஒருநாள் பதிவின் நடுவில் பக்கத்து வீட்டு அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஆருக்கு தம்பி என்ன நடந்த?" அவன் வெளியே போய், அக்காவிடம் பாட்டின் சொல்லைச் சாதாரணக் குரலில் படித்துக் காட்டினான். கொஞ்ச நேரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கடலில் அவரும் ஆட்களைக் கொடுத்தவர். பிறகு பதிவு நடந்த நாளெல்லாம் இஞ்சித் தேத்தண்ணி அங்கிருந்து வந்தது.

தமிழை உறுமினால் என்ன மிஞ்சும்? நாங்கள் இருவரும் ஒவ்வொரு வரியாகப் பதிந்து, பாட்டை முன்பு கேட்காத ஆட்களுக்குப் போட்டுக் காட்டினோம். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ந, ன, ண அப்படித்தான். நெடில் நிற்கும், அதற்கு நீளம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட நன்றாக நிற்பது வல்லின ஒற்று. க்க, ட்ட, ற்ற வருகிற இடமெல்லாம் கத்தி போல வெட்டிக் கேட்டது. அதைப் பார்த்து அவன் பாட்டையே திருத்தி எழுதினான். 'ஆழி' என்று எழுதியிருந்த இடமெல்லாம் 'கடல்' ஆனது. 'அலை எழுந்து' என்பது போய் 'முட்டி உடைத்து' வந்தது. பாட்டு முன்னைவிட நேராக, முன்னைவிடக் கனமாக வந்து நின்றது. மொழியின் எலும்பு எங்கே இருக்கிறது என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒரு நல்ல டேக்கின் கடைசியில் பாண் விற்கிற ஓட்டோ தன் பீத்தோவன் மெட்டோடு தெருவில் போய்விட்டது. அந்த ஒரு வரியை மறுநாள் திரும்பப் பாடினான். மற்றபடி குரலில் கை வைக்கத் தேவைப்படவில்லை.

திருத்தியது

முதலில் செய்தது நாற்காலியைத் தள்ளியது. அறை நீளத்தில் முன்சுவரிலிருந்து 38 விழுக்காடு தூரத்தில் இருப்பது நல்லது என்று ஒலிப்பதிவுக்காரரிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. 5 அடியில் இருந்த நாற்காலி 4 அடிக்குள் வந்தது. ஒரு சதம் செலவில்லை. 57 ஹேர்ட்ஸ் திரும்பக் காதுக்கு வந்தது.

இரண்டாவது உமி. படுவான்கரையில் அறுவடை முடிந்தால் அரிசி ஆலை வாசலில் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். ட்ரம்ஸ் பொடியன் 14 மூட்டையை லாண்ட்மாஸ்டர் (கைத் திராக்டர்) பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான். வாயை இறுக்கித் தைத்து, மேலே பழைய பெட்சீற் உறை போட்டு, உள்ளறையின் நாலு மூலையிலும் கூரை வரை அடுக்கினோம். நாடாவில் அளந்தால் இரண்டடிக்குக் குறையாத தடிப்பு. இவ்வளவு ஆழமான ஒலியை அது முழுக்கக் குடித்துவிடாது. ஆனால் சுவரோரத்து அதிர்வு தெளிவாகக் குறைந்தது. உறை போடாமல் வைத்தால் தூசி கணினியைக் கொன்றுவிடும், இதைச் செய்கிறவர்கள் கவனிக்கவும்.

மூன்றாவது கிக். உள்ளே ஒரு தலையணை. பெடல் வந்து விழுகிற இடத்தில் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் துண்டைத் தோலில் ஒட்டினோம், 'டக்' கூர்மையாக வர. மூன்று பாட்டின் ட்ரம்ஸை அவன் முழுதாகத் திரும்ப அடித்தான். மற்ற ஐந்தையும் பழைய வாசிப்பிலேயே வைத்தேன். அவை நன்றாக இருந்தன, முதலிலிருந்தே.

மிக்ஸில், ஏற்றிய 6 டெசிபலை எடுத்தேன். கிற்றாரை 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அந்த இடத்தைக் கிக்குக்கும் பேஸுக்கும் விட்டேன். கிற்றார்காரன் இதற்கு இலேசில் சம்மதிக்கவில்லை. தன் சத்தம் மெலிந்துவிட்டது என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. தனியாகக் கேட்டால் மெலிவுதான். எல்லாரோடும் சேர்த்துப் போட்டபோது அவனே தலையை ஆட்டத் தொடங்கினான். கரகரப்பையும் முக்கால் அளவுக்குக் குறைக்கச் சொன்னேன். அதில் மட்டும் பாதி வழியில் சமாதானமானோம்.

அடுத்த வருடம் பெப்ரவரியில் இரண்டாவது மிக்ஸை நாலு பேரையும் இருத்திப் போட்டேன். மூன்றாம் பாட்டின் நடு இடம் வந்தபோது யாரும் பேசவில்லை. கிக் உருண்டு வந்தது. முழங்காலில் அவன் விரல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும், ஜூலையில் எல்லார் முன்னும் சொன்னது பிழை என்று எல்லார் முன்னும் சொன்னேன். மாமாவின் வானிலும் போட்டோம். கண்ணாடி அதிரவில்லை. போனிலும் 'டக் டக்' தனித்தனியாக வந்தது.

மாஸ்டரிங்குக்கு முன்பு செய்த அதே ஆளிடமே திரும்ப அனுப்பினோம். இந்த முறை ட்ரம்ஸைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒலி அளவை மட்டும் கேட்டு எழுதியிருந்தார்.

ஒன்று திருந்தவில்லை. ஆறாம் பாட்டின் கடைசி 40 செக்கன். அது பழைய ஹோல் பதிவு, தலையணை வைக்காத கிக். அந்த முடிவை அவன் ஒரே ஒருநாள்தான் அப்படி அடித்தான், கரண்ட் போக நாலு நிமிடம் இருக்கும்போது. திரும்ப அடித்துப் பார்த்தோம், அடி சரி, ஆவேசம் இல்லை. அதனால் பழையதையே விட்டோம். அங்கே அடிகள் இன்னும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. இதைக் கேட்கிறவர்கள் கவனிப்பார்களா என்று அவனிடம் கேட்டேன்.

"அப்பா கவனிச்சிட்டார் அண்ணன்" என்றான். "சரி, அடுத்த முறை களரியில வெச்சுப் பதிங்க எண்டார்."